தொலைதூர அலுவலகங்களை இணைக்கும் பாலம்

(செம்பூரில் கூட்டுறவுச் சங்க ஊழியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மும்பை தீவுகளால் ஆன நகரம். மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே 1845-ஆம் ஆண்டு வரை படகுப் போக்குவரத்தே இருந்து வந்தது. மழைக்காலத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்ச்சேதம் நேர்வதும் உண்டு. சர் ஜம்செட்ஜி ஜீஜிபாயின் துணைவியார் ஆவாபாய் அம்மையார் தம் பொருளைக் கொடுத்து, அந்த ஆண்டில் மாஹிம் தரைப்பாலம் எழக் காரணமாக இருந்தார். அதில் சுங்கம் வசூலிக்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை. பின்னர் 1970-களில் தாணே கழிமுகத்தின் மீது வாஷிப் பாலம் எழுந்தது. செம்பூர், மான்கூர்ட் பகுதிகளில் வாழ்ந்த மக்கள் எளிதில் எதிர்க்கரைக்குச் செல்ல முடிந்ததும், நவி மும்பை என்னும் புதுநகரம் வளர வழி பிறந்தது. 2024-ஆம் ஆண்டு சனவரியில் சிவ்ரியிலிருந்து நவா சேவா வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலமும் திறக்கப்பட்டது.

பாலம் என்பது இரு கரைகளை இணைப்பதோடு நிற்பதன்று. இரு கரைகளின் பொருளாதாரத்தையும் அது மாற்றியமைக்கிறது. எந்தச் சரக்கு எங்கே விளைய வேண்டும், எந்தத் தொழிலாளி எங்கே குடியிருக்கலாம் என்பவற்றையெல்லாம் பாலமே முடிவு செய்கிறது. அலுவலகங்களில் உள்ள கணிப்பொறி வலையமைப்புகளை இணைக்கும் கருவிக்கும் 'பாலம்' என்றே பெயர் வழங்குகிறது. இப்பெயர்ப் பொருத்தம் தற்செயலானதன்று. செங்கல்லும் சிமெண்டும் கொண்ட பாலத்துக்குரிய நன்மைகளும் இடர்களும் இதற்கும் உண்டு.

தனித்தீவுகளாகக் கணிப்பொறிகள்

இந்நாட்டு அலுவலகங்களில் கணிப்பொறிகள் பெருமளவில் நுழையத் தொடங்கியது 1980-களில்தான். வங்கித் துறையில் இயந்திரமயமாக்கல் குறித்து 1983-இல் வங்கி நிருவாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் தன் அறிக்கையை அளித்தது. எனினும், தொடக்கத்தில் ஒவ்வொரு கிளையின் கணிப்பொறியும் ஒவ்வொரு தீவாகவே இயங்கியது. பேரேடு மறைந்து திரை வந்ததே தவிர, வாடிக்கையாளர் தம் கணக்கு உள்ள கிளைக்கே செல்ல வேண்டும் என்ற நிலை மாறவில்லை.

இரயில்வேயின் அனுபவம் இதைத் தெளிவாக விளக்கும். 1985-இல் தில்லியில் தொடங்கிய கணிப்பொறி வழி முன்பதிவு முறை, பின்னர் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய மையங்களுக்கும் பரவியது. ஆனால் ஐந்து மையங்களும் தனித்தனியே இயங்கின. செம்பூரிலிருந்து சென்னைக்குப் புறப்படும் குடும்பம் போவதற்கான இடத்தை இங்கே உறுதி செய்துகொள்ளலாம். திரும்பும் பயணத்துக்கான இடம் மற்றொரு மையத்தின் கையில் இருந்தது. 1999-இல் ஐந்து மையங்களும் 'கன்சர்ட்' என்னும் மென்பொருள் வாயிலாக இணைக்கப்பட்ட பின்னரே, எந்த இடத்திலிருந்தும் எந்த வண்டிக்கும் இடம் பெறுவது இயல்பாயிற்று. கணிப்பொறி தந்த பயனைவிட இணைப்பு தந்த பயன் பெரிது என்பதற்கு இது சான்று.

இணைப்பு முயற்சிகளிலும் மும்பைக்கு முன்னிடம் உண்டு. மைய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-இல் 'எர்நெட்' என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பை ஜூஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய எட்டும் இதன் முதல் உறுப்பினர்கள். பவாய் ஐ.ஐ.டி.க்கும் ஜூஹு மையத்துக்கும் இடையே தொலைபேசிக் கம்பி வழியே நடந்த அஞ்சல் பரிமாற்றமே இதன் முதற்படி. அம்மையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் எஸ். இராமாணி இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். 1989-இல் அங்கிருந்து அமெரிக்காவுக்கு அமைந்த தொடர்பின் வேகம் விநாடிக்கு 9,600 பிட் மட்டுமே. இன்று ஒரு கைப்பேசி பெறும் வேகத்துடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு; ஆனால் அந்நாளில் ஆய்வாளர் பலருக்கு அதுவே உலகின் வாயில்.

பாலக் கருவி என்ன செய்கிறது?

அலுவலகத்துக்குள் கணிப்பொறிகளை இணைக்கப் பெரிதும் பயன்படும் முறை ஈதர்நெட். 1973-இல் அமெரிக்காவில் உருவான இம்முறையில், தொடக்க காலத் தடித்த கம்பியின் ஒரு துண்டு 500 மீட்டருக்கு மேல் செல்லலாகாது. திறன் கூட்டும் கருவிகளை இடையிடையே வைத்தாலும் மொத்தத் தொலைவு 2,500 மீட்டரே. செம்பூர் இரயில் நிலையத்திலிருந்து டிராம்பே வரைகூட இக்கம்பி எட்டாது. இந்த எல்லையைக் கடக்க எழுந்ததே பாலக் கருவி.

ஈதர்நெட்டில் ஒவ்வொரு செய்திக்கட்டின் முன்னும் பெறுநர் முகவரியும் அனுப்புநர் முகவரியும் இருக்கும். ஒவ்வொன்றும் 48 பிட் நீளமுடையது. பாலம் தன்னிடம் வரும் கட்டுகளின் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, 'இந்தக் கணிப்பொறி இந்தக் கரையில் உள்ளது' என்று தன் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பின்னர் பெறுநர் முகவரியைப் பார்க்கிறது. பெறுநரும் அதே கரையில் இருந்தால் கட்டைக் கடக்க விடுவதில்லை. மறுகரையில் இருந்தால் மட்டும் அனுப்புகிறது. இருக்குமிடம் தெரியாத முகவரியானால் எல்லாப் பக்கமும் அனுப்பி, விடை வரும்போது கற்றுக்கொள்கிறது. வழக்கமாக ஐந்து நிமிடம் பேச்சு மூச்சு இல்லாத முகவரியை அது மறந்துவிடும். நல்ல தபால்காரர் ஒருவர் புதுப் பகுதிக்கு மாற்றலாகி வந்து வீடுகளை அறிந்துகொள்ளும் முறையே இதுவும்.

தொலைவில் உள்ள இரு அலுவலகங்களை இணைக்க இக்கருவிகள் இணையாகத் தேவைப்படும். ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒன்றை வைத்து, நடுவே வாடகைக் கம்பியோ, கண்ணாடி இழையோ, வானலைத் தொடர்போ அமைப்பர். இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளுக்கு நடுவே கடல் இருப்பதும் மலை இருப்பதும் தெரியாது. எல்லாம் ஒரே கூடத்தில் இருப்பதாகவே அவை கருதும். இக்கருவியின் சிறப்பும் இடரும் இந்த ஒரே பண்பிலிருந்து பிறப்பவை.

தொலைவு விதிக்கும் விலை

செம்பூரில் தலைமை அலுவலகமும், மாதுங்காவிலும் தாராவியிலும் கிளைகளும் உடைய ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாராவியில் தோல் பதப்படுத்துவோரும் மண்பாண்டம் செய்வோரும் ஆடை தைப்போரும் அதன் உறுப்பினர்கள். அன்றாடக் கூலியில் வாழும் உறுப்பினர் ஒருவர், கடன் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று கேட்கச் செம்பூருக்கு வந்து போனால் அரைநாள் கூலி போய்விடும். மூன்று அலுவலகங்களும் இணைந்தால் அந்தக் கேள்விக்கு விடை தாராவியிலேயே கிடைக்கும். இணைப்பின் பொருளாதார நியாயம் இதுவே.

இனி, இணைப்பின் விலையைக் கணக்கிட வேண்டும். ஈதர்நெட்டின் ஒரு முழுக் கட்டில் 1,500 பைட், அதாவது 12,000 பிட் செய்தி அடங்கும். விநாடிக்கு ஒரு கோடி பிட் செல்லும் அலுவலகக் கம்பியில் இது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 64,000 பிட் செல்லும் வாடகைக் கம்பியிலோ ஏறத்தாழ விநாடியில் ஐந்தில் ஒரு பங்காகும். 9,600 பிட் கம்பியில் ஒன்றேகால் விநாடி.

இதைவிட நுட்பமான செலவு ஒன்று உண்டு. வலையமைப்பில் உள்ள கணிப்பொறிகள் அவ்வப்போது 'இந்தப் பணியைச் செய்பவர் யார்?' என்று எல்லோருக்கும் பொது அறிவிப்பு விடுக்கும். பொது அறிவிப்பைப் பாலம் தடுப்பதில்லை. மறுகரைக்கும் அனுப்பியே தீரும். 200 கணிப்பொறிகள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை 64 பைட் அளவில் அறிவிப்பு விடுத்தால், விநாடிக்கு 51,200 பிட் ஆகும். அலுவலகக் கம்பியில் இது அரை விழுக்காடே. எவரும் கவனிக்க மாட்டார்கள். 64,000 பிட் கம்பியிலோ இதுவே 80 விழுக்காட்டை விழுங்கிவிடும். பயனுள்ள ஒரு சொல்லும் கடக்குமுன் பாலம் நெரிசலில் நின்றுவிடும்.

காலத்தாழ்வு மற்றொரு செலவாகும். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. செய்தி மேலே சென்று கீழே வர ஏறத்தாழ கால் விநாடி. கேள்வியும் விடையுமாக அரை விநாடி. ஒரு கோப்பைத் திறக்க 200 முறை கேள்வியும் விடையும் தேவைப்படும் மென்பொருளாக இருந்தால், நூறு விநாடி காத்திருக்க நேரும். இதை வேகமான இணைப்பு வாங்கித் தீர்க்க இயலாது. ஒளியின் வேகத்தை எவரும் உயர்த்த முடியாது. மென்பொருளையே மாற்றியமைக்க வேண்டும்.

மூன்று அலுவலகங்களும் ஒரு சுழலும்

செம்பூர்–மாதுங்கா, செம்பூர்–தாராவி என்னும் இரு இணைப்புகள் போதுமானவை. ஒன்று அறுந்தால் அந்தக் கிளை தனித்துவிடுமே என்ற கவலையால், மாதுங்கா–தாராவி இணைப்பையும் சங்கம் அமைக்க விரும்புவது இயல்பு. விருப்பம் நியாயமானதே, ஆனால் இப்போது மூன்று இணைப்புகளும் ஒரு வட்டமாகிவிடுகின்றன. செம்பூரில் எழும் பொது அறிவிப்பு மாதுங்கா வழியாகத் தாராவி சென்று மீண்டும் செம்பூருக்கே வரும், மறுபடியும் புறப்படும். ஈதர்நெட் கட்டில் 'இத்தனை முறைக்கு மேல் செல்லாதே' என்று தடுக்கும் குறிப்பு ஏதுமில்லை. எனவே சில விநாடிகளில் மூன்று அலுவலகங்களும் வெற்று எதிரொலியால் நிறைந்து செயலற்றுப் போகும்.

இச்சிக்கலைத் தீர்க்கும் முறையை 1985-இல் ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் உருவாக்கினார். பாலங்கள் தமக்குள் பேசி, ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுத்து, வட்டம் இல்லாத கிளைமரமாகத் தம்மை அமைத்துக்கொள்ளும். மிகுதியான இணைப்பு உறங்கிக் கிடக்கும். வேறொன்று அறுந்தால் விழித்துக்கொள்ளும். இம்முறை 1990-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. பழைய முறையில் இந்த விழிப்புக்கு 30 முதல் 50 விநாடி ஆகும். 2001-இல் வந்த விரைவு முறையில் ஓரிரு விநாடியே போதும்.

முறை இருப்பதாலேயே இடர் நீங்கிவிட்டது என்று எண்ணலாகாது. 2002-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்னும் பெரிய மருத்துவமனையின் வலையமைப்பு ஏறத்தாழ நான்கு நாட்கள் முடங்கியது. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகப் பாலங்களைச் சேர்த்துக்கொண்டே சென்றதில், கிளைமர முறை தாங்கக்கூடிய எல்லையை வலையமைப்பு கடந்துவிட்டிருந்தது. மருத்துவர்களும் செவிலியரும் மீண்டும் தாளும் பேனாவும் எடுக்க நேர்ந்தது. மருந்துச் சீட்டும் ஆய்வு முடிவும் கையால் எழுதி ஆள் வழியே அனுப்பப்பட்டன. அம்மருத்துவமனை தன் அனுபவத்தை மறைக்காமல் வெளியிட்டது. அதனால் உலகெங்கும் உள்ள நிருவாகங்கள் பாடம் கற்றன.

எதை இணைப்பது, எதைப் பிரிப்பது?

இங்கே கொள்கை சார்ந்த ஒரு கேள்வி எழுகிறது. பாலம் இரு கூடங்களை ஒரே கூடமாக்குகிறது. வழிகாட்டும் கருவியான ரூட்டரோ இரு கூடங்களையும் தனித்தனியே வைத்து, நடுவே வாயிற்காவலராக நிற்கிறது. பொது அறிவிப்புகள் அதைக் கடப்பதில்லை. ஒரு கிளையில் ஏற்படும் கோளாறு அக்கிளையோடு நின்றுவிடும். இரயில்வேயின் ஐந்து மையங்களும் ஒரே கூடமாக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. ஒவ்வொரு மையமும் தன் தரவுகளைத் தானே காத்துக்கொண்டு, தேவையான கேள்வியையும் விடையையும் மட்டுமே பரிமாறிக்கொண்டது.

ஆகவே சிறிய அலுவலகங்கள், குறுகிய தொலைவு, ஒரே கூடத்தில் இயங்குமாறு எழுதப்பட்ட பழைய மென்பொருள் என்ற மூன்றும் சேரும் இடத்தில் பாலம் பொருந்தும். கிளைகள் பெருகும்போதும், தொலைவு கூடும்போதும் ரூட்டரே தக்கது. எடுத்துக்கொண்ட சங்கம் நாளை திருநெல்வேலியிலும் ஒரு கிளை திறந்தால், அதைப் பாலத்தால் இணைப்பது தவறாகும்.

அமைக்கும் முறை

முதலாவதாக, எந்தச் செய்தி எங்கிருந்து எங்கே செல்கிறது என்று ஒரு வாரம் அளந்து பார்க்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் எழும் செய்திகளுள் ஐந்தில் நான்கு பங்கு அந்த அலுவலகத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்பது பழைய அனுபவ விதி. எஞ்சிய ஒரு பங்குக்கே இணைப்பு வாங்க வேண்டும். அளக்காமல் வாங்கும் நிருவாகம் ஒன்று தேவைக்கு மேல் செலவிடும்; அல்லது தேவைக்குக் குறைவாக வாங்கி ஊழியர்களின் வெறுப்பைப் பெறும்.

இரண்டாவதாக, ஊடகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடி இழை கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் இன்றி வானலைத் தொடர்பு அமைக்க 2018-இல் விதிகள் விரிவாகத் தளர்த்தப்பட்டன. ஆனால் இரு கூரைகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். ஆறு கிலோமீட்டர் தொலைவுக்கு, நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றிச் சுமார் 9 மீட்டர் ஆரமுள்ள வெளி பெருமளவு தடையின்றி இருத்தல் வேண்டும். செம்பூருக்கும் மாதுங்காவுக்கும் இடையே ஆண்டுதோறும் புதிய அடுக்குமாடிகள் எழுகின்றன. இன்று தெரியும் கூரை நாளை மறையலாம்.

மூன்றாவதாக, கருவிகளைப் பொருத்துமுன் ஒரே மேசை மீது இரண்டையும் வைத்து, குறுங்கம்பியால் இணைத்துச் சோதிக்க வேண்டும். முகவரிகள் இரு கிளைகளிலும் ஒன்றோடொன்று மோதாதவாறு பங்கிட வேண்டும். கிளைமர முறை இயங்குகிறதா, தலைமைப் பாலமாகச் செம்பூர்க் கருவியே அமைகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே ஒரு கம்பியைப் பிடுங்கி, மாற்றுவழி விழிக்கிறதா என்று கடிகாரம் வைத்துக் குறிக்க வேண்டும். இச்சோதனையைச் செய்யாத நிருவாகத்துக்கு மாற்றுவழி இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

நான்காவதாக, இணைப்பில் செல்வது உறுப்பினர்களின் கடன் விவரம். அது மறையாக்கம் செய்யப்பட்டே செல்ல வேண்டும். தனிமனிதத் தரவுகளைக் காக்க 2023-இல் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிடினும், ஏழை உறுப்பினரின் கடன் நிலை அண்டை வீட்டாருக்குத் தெரியலாகாது என்பது கூட்டுறவின் அடிப்படை நாணயம்.

ஐந்தாவதாக, பராமரிப்பு. 2005-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தாழ்ந்த தளத்தில் கருவிகளை வைப்பது மும்பையில் அறியாமை என்பதை அந்நாள் உணர்த்தியது. 2020 அக்டோபர் 12-ஆம் நாள் நகரின் பெரும்பகுதியில் மின்சாரம் தடைப்பட்டது. மின்கலத் துணை இல்லாத பாலம் மின்தடையின்போது பாலமாக இராது. எனவே கருவிகளை மேல்தளத்தில் வைப்பதும், மின்கலத்தை ஆண்டுதோறும் சோதிப்பதும், இணைப்பு வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைப்பதும் கடமையாகும். மூன்று கிளைகளிலும் குறைந்தது இருவருக்காவது இக்கருவியை மீள இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாக அது இருப்பின், அவர் விடுப்பில் செல்லும் நாளில் சங்கமும் விடுப்பில் செல்ல நேரும்.

பயன் யாருக்கு?

இணைப்பு வந்தபின் தலைமை அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கிளைகளின் ஒவ்வோர் அசைவும் தெரியும். இதனால் அவர் எல்லா முடிவுகளையும் தம் கையில் எடுத்துக்கொள்ளும் ஆவல் எழலாம். அவ்வாறானால் தாராவிக் கிளை வெறும் விண்ணப்பம் வாங்கும் சாளரமாகச் சுருங்கிவிடும். உறுப்பினர் மீண்டும் செம்பூருக்கே வர நேரும். அதே இணைப்பை எதிர்த்திசையிலும் பயன்படுத்தலாம். தலைமை அலுவலகத்தில் உள்ள தகவலைக் கிளை ஊழியரின் மேசைக்குக் கொண்டு சென்று, ஒரு வரம்புக்குட்பட்ட கடனை அவரே அங்கேயே முடிவு செய்யும் அதிகாரத்தை அளிக்கலாம். கருவி இரண்டுக்கும் இடம் தருகிறது. எதைத் தேர்வது என்பது தொழில்நுட்பத்தின் வேலையன்று. நிருவாகக் குழுவின் வேலை.

எனவே, இணைப்பின் வெற்றியைப் பிட் கணக்கில் மட்டும் அளப்பது போதாது. ஓராண்டு முடிவில் எத்தனை உறுப்பினர் தம் வேலையை விட்டுச் செம்பூருக்கு வரவேண்டியிருந்தது, எத்தனை அரைநாள் கூலி காப்பாற்றப்பட்டது என்று கிளைதோறும் ஒரு பதிவேடு வைத்து எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை குறையாதிருப்பின், கருவி எவ்வளவு சிறந்ததாயினும் முதலீடு வீணே.

மாஹிம் பாலத்தில் சுங்கம் கூடாது என்று ஆவாபாய் அம்மையார் நிபந்தனை விதித்தபோது, படகுக் கூலி கொடுக்க இயலாதவரும் அதைக் கடக்க வேண்டும் என்பதே அதன் விளைவாயிற்று. அலுவலகங்களை இணைக்கும் பாலத்துக்கும் அளவுகோல் அதுவே. கடைசி உறுப்பினரும் செலவின்றிக் கடக்கக்கூடியதாக அது அமைய வேண்டும்.